ஆரஞ்சு நிற நாற்பத்தொன்று

வேலாயுதப்பெருமாள் அன்று கோபத்தோடுதான் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவர். வயது நாற்பத்தாறு. அவருடைய வழிகாட்டி ஹெப்சிபா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

ஹெப்சிபாவின் மேசைமீது ஒரு படத்தையும் ஒரு கடிதத்தையும் வைத்தார்.

படம் அவர் ஆராயும் புரதத்தினுடையது. அமினோ அமிலங்களை மணிகள்போல் கோத்த நீண்ட சரம்தான் புரதம். அது தானாகச் சுருண்டு மடங்கி ஓர் உருவம் எடுக்கும். அந்த உருவத்தைக் காண்பதற்காக நான்கு வருடங்கள் அதைப் படிகமாக்கப் போராடினார். ஒருமுறைகூடப் படிகமாகவில்லை. நேற்று அந்த மணிகளின் வரிசையை மட்டும் கணினியில் கொடுத்தார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் உருவத்தைப் போட்டு வைத்திருந்தது. யாருக்குத்தான் வயிறு எரியாது?

கடிதம், ஆராய்ச்சியிலிருந்து விலகுவதாக.

“இனிமே எனக்கு இங்கே என்ன வேலை மேடம்?”

ஹெப்சிபா படத்தைக் கையில் எடுத்தார். படத்தின் ஓரத்தில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க புரதத்துல முந்நூத்திப் பன்னிரண்டு மணி. படத்துல இருநூத்தி எழுபத்தொண்ணுதான் இருக்கு. மீதி எங்கே சார்?”

கணினி தனக்கு உறுதியாகத் தெரிந்த பகுதியை நீலத்தில் காட்டும், தெரியாததை ஆரஞ்சில் காட்டும். கடைசி நாற்பத்தொன்றும் ஆரஞ்சு நிறத்தில் பிரிந்த நூல்போலத் தொங்கிக்கொண்டிருந்ததாம். பார்க்க நன்றாக இல்லை, அதனால் மறைத்துவிட்டேன் என்றார் வேலாயுதப்பெருமாள்.

ஹெப்சிபாவின் முகம் சிவந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தார். கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தை மட்டும் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். மீதியை அவரிடம் நீட்டினார்.

“ஆபீஸ்ல குடுத்துடுங்க.”

“கையெழுத்து இல்லாம இது எப்படிச் செல்லும்?” அவர் குரல் உயர்ந்தது.

“கோணலா இருந்துச்சு. பார்க்க நல்லா இல்லை.”

வேலாயுதப்பெருமாள் அந்தத் தாளைக் கசக்கினார். அவமானமா ஆத்திரமா என்று அவருக்கே தெரியவில்லை.

“நாலு வருஷம் மேடம். அது வீணாப் போன கோபம் உங்களுக்குப் புரியாது.”

“எனக்குக் கோபம் வந்ததே இப்போதான்” என்றார் ஹெப்சிபா. “இந்த இடம் எனக்குத் தெரியலைன்னு அந்தக் கணினியே ஒத்துக்கிட்டுச்சு. நீங்க அதை வெட்டிப் போட்டுட்டு வந்து, எனக்கு என்ன வேலைன்னு கேக்குறீங்க.”