மேனேஜரும் மீன் வறுவலும்

தூத்துக்குடி உப்புக் கம்பெனியில் லீவு வேண்டுமென்றால், மேனேஜர் சடகோபன் கேட்கும் ஊர் பேர் தெரியாத இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லியாக வேண்டும். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டாள் கிளார்க் பிலோமினா.

“‘க்ரோக்’. சாயங்காலத்துக்குள்ள அர்த்தம் சொல்லு. அதுவும் வாயே திறக்காம!”

போனில் தேடிப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள் அவள். மத்தியானம் அவர் அறை வாசலிலேயே உட்கார்ந்து, சீலா மீன் வறுவல் டப்பாவைத் திறந்தாள். வாசம் பிடித்து வந்த மேனேஜர், கேட்கக் கூச்சப்பட்டு, போகவும் மனசில்லாமல், அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிலோமினா அவரை நோக்கி விரலை நீட்டினாள்.

அடுத்தவர் சாப்பிடும்போது, நமக்கும் தருவாரா என்று ஏக்கமாகப் பார்த்து நிற்பதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம்!

“சரி, லீவு எடுத்துக்கோ” என்றவர், கெத்தை விடாமல், “எந்த நாட்டு வார்த்தைன்னு தெரியுமா?” என்றார்.

“ஸ்காட்லாந்து சார். அங்க நாய் இப்படிப் பார்த்து நிக்கிறதைத்தான் அப்படிச் சொல்வாங்களாம். உங்களுக்கு ஒரு துண்டு வைக்கட்டுமா?”