தலைமையாசிரியர் அறையில் ஒரு வாசிப்பு

சுபிக்ஷாவுக்கு வாதம் என்றால் சோறு வேண்டாம். அன்றும் சண்டைக்குத் தயாராகத்தான் ஆய்வு நெறியாளரின் அறைக்குள் நுழைந்தாள். பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றியது அவள் முனைவர் பட்ட ஆய்வு. பெரிய ஆய்வுக்கு முன்னால் ஓர் அரசுப் பள்ளியில் மட்டும் முன்னோட்டம் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

மதிப்பெண் தாளை நெறியாளர் பேராசிரியர் எஸ்தர் ராணியின் மேசையில் பொத்தென்று வைத்தாள்.

"பன்னிரண்டு பிள்ளைங்க மேடம். நாலாங்கிளாஸ். பதினோரு பேர் பூச்சியம்! ஒரு வரி வாசிக்க வரல. நாலு வருஷமா அந்த ஸ்கூல்ல என்னதான் பண்ணாங்க? இதை அப்படியே எழுதி நாறடிக்கணும்."

"இந்தப் பேருக்கு நேரே கோடு போட்டிருக்கியே?"

"காளீஸ்வரியா? மறுநாள்லேருந்து ஸ்கூலுக்கே வரலையாம். ஒவ்வொருத்தரையும் ரெண்டு தடவை சோதிக்கணும், ரெண்டாம் தடவைக்கு அவ இல்ல. கணக்குலேருந்து எடுத்துட்டேன்."

"எத்தனை நாளா வரல?"

"பத்து நாள் இருக்கும்."

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றினார். "வாசிக்கும்போது ஃபோன்ல பதிவு பண்ணியிருப்பியே, அவளோடதைப் போடு."

"அதுல ஒண்ணுமே இல்ல மேடம். பேசவே இல்ல அவ."

"போடும்மா."

அலைபேசியில் மின்விசிறி கடகடத்தது. பிறகு சுபிக்ஷாவின் குரல். படிம்மா. பயப்படாத. படி. கொஞ்ச நேரம் கழித்து எரிச்சலோடு: இதுகூடவா தெரியாது?

சுபிக்ஷா நிறுத்தக் கை நீட்டினாள். எஸ்தர் அலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நாற்காலி உரசும் சத்தம். அடுத்த பிள்ளையைக் கூப்பிட சுபிக்ஷா எழுந்து போன சத்தம் அது. அதன் பிறகு என்ன பதிவாகியிருக்கிறது என்று அவள் கேட்டுப் பார்த்ததே இல்லை. மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் காளீஸ்வரியின் கம்மிய குரல் வந்தது.

"இனிமே செய்ய மாட்டேன் டீச்சர்."



"என்ன தப்பு செஞ்சா அவ?" என்றார் எஸ்தர்.

"ஒண்ணும் செய்யல."

"எங்க வச்சு வாசிக்கச் சொன்ன?"

"ஹெட்மாஸ்டர் ரூம்ல. அங்கதான் மேடம் சத்தம் கிடையாது. கிளாஸ்ல எல்லாரும் சேர்ந்து ராகம் போட்டுத்தான் வாசிக்குதுங்க. யாருக்கு வருது, யாரு சும்மா வாயசைக்குதுன்னே தெரியல. அதான் ஒவ்வொருத்தரா..."

"அந்த ரூமுக்கு ஒரு பிள்ளையைத் தனியா எதுக்குக் கூப்பிடுவாங்க?"

சுபிக்ஷாவும் அரசுப் பள்ளியில் படித்தவள்தான்.

"அடிக்க" என்றாள்.

இருந்தும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "தப்புதான் மேடம். ஆனா இந்த மாதிரித் தப்பைக் கண்டுபிடிக்கத்தானே இதைச் செய்யறோம்? அடுத்த ஸ்கூல்ல மரத்தடியில உட்கார வச்சு, முதல்ல சேர்ந்தே வாசிக்கவிட்டு ஆரம்பிக்கிறேன். இந்தப் பன்னிரண்டு பேர் ஆய்வேட்டுல வரவே வேண்டாம். வெறும் முன்னோட்டம்தானே?"

எஸ்தர் தாளை மடித்து அவளிடமே நீட்டினார்.

"சரி. வெறும் முன்னோட்டம்தான்னு காளீஸ்வரிகிட்ட யார் போய்ச் சொல்றது?"