தங்கப்பழம் அண்ணாச்சியின் அடேயப்பா

தங்கப்பழம் அண்ணாச்சிக்குச் சவரம் செய்வது லேசுப்பட்ட வேலையில்லை. கத்தி தாடையில் இருக்கும்போதுதான் அவருக்குப் புளுகு ஊறும். வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போய்வந்தாலே ஒரு வாரம் அதைப் பேசுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்றைக்கு முடி வெட்டி முடித்து, சவரத்துக்காக என் சலூன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சுவிட்சர்லாந்துக்குப் பட்ஜெட் போட்டார்.

பட்ஜெட் அவருக்கில்லை, டிராயிங் வாத்தியார் பொன்ராஜ் சாருக்கு. சாரும் டீச்சரம்மாவும் அங்கே இருக்கிற மகள் வீட்டுக்கு அறுபது நாள் போகிறார்கள். தங்கலும் சாப்பாடும் மகள் பொறுப்பு. வெளிச்செலவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சார் என் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பனிமலைக்கு ஏறுகிற ரயிலில் வந்து பென்சில் நின்றுவிட்டது. டிக்கெட் ஆளுக்கு இருபதாயிரமாம். டீச்சரம்மா முப்பது வருஷமாகக் காலண்டரில் மட்டும் பனியைப் பார்த்தவர். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கல்யாணமான புதிதில் சார் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அந்த ரயிலை அடிச்சு விடுங்க சார்," என்றார் அண்ணாச்சி, சோப்பு நுரைக்குள்ளிருந்து. "நான் அங்க மூணு மாசம் இருந்தேன். ஒரு நாளைக்கு நாப்பது ரூவா. அதுலயும் மிச்சம்."

"எப்ப அண்ணாச்சி போனீங்க?" என்றேன்.

"வத்தல் சீசன் இல்லாதப்ப. குறுக்க பேசாம செரைப்பா. போன அன்னைக்கு ஒரு காப்பி என்ன விலைன்னு கேட்டேன். அஞ்சு பிராங்குன்னான். நம்ம ஊர்ப் பழக்கம் விடுமா? அவங்க காசு ஒண்ணுக்கு நம்ம ரூவா நூறுன்னு பெருக்கினேன். ஐநூறு! 'அடேயப்பா!'ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். கடைக்காரன் முகம் செத்துப்போச்சு. தான் விக்கிற விலை அவனுக்கே அப்பத்தான் உறைச்சிருக்கு. கெஞ்சிக் கூத்தாடி ஓசில குடுத்தான்."

"அவனுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டார் கண்டக்டர் சூசை, தன் முறைக்குக் காத்திருந்தவர்.

"அடேயப்பாவுக்கு எதுக்குய்யா பாஷை? மறுநாள் துணிக்கடைல கால வச்சேன். வாயே தொறக்கல, மூச்சைத்தான் இழுத்தேன். பொம்மை போட்டிருந்த கோட்டைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டுட்டான். ஒரு வாரத்துல தெருவே என் பின்னால. 'அண்ணாச்சி, எங்க வீட்டு ஓனர் வாசல்ல நின்னு ஒரு தடவை சொல்லுங்க, வாடகை இறங்கட்டும்'னு வெள்ளைக்காரன் வரிசைல நிக்கான். டோக்கன் போட்டேன்! கடைசில பேங்க்காரங்க திரண்டு வந்து, 'நீங்க இன்னும் ஒரு வாரம் இருந்தா நாங்க நோட்டு அடிக்கிறதையே நிறுத்தணும்'னு அழுதாங்க."

"அந்தக் கோட்டு எங்க அண்ணாச்சி?" என்றேன்.

"விருதுநகர் வெயிலுக்குக் கோட்டு எதுக்கு? அங்கயே ஒரு ஏழைக்குக் குடுத்துட்டேன்."

"சுவிட்சர்லாந்து ஏழைக்கா?" என்றார் சூசை. அது மட்டும் அண்ணாச்சி காதில் விழவில்லை.

"மலைக்கு வாறேன். டிக்கெட் இருநூறு பிராங்க். பெருக்கினேன். இருபதாயிரம்! அடிவயித்துலருந்து வந்தது பாருங்க ஒரு அடேயப்பா! டிக்கெட் குடுக்கிறவன் ஜன்னலைச் சாத்திட்டு ஓடிட்டான். சத்தம் நேரா மேல போய் மோதி, உச்சில இருந்த பனி மொத்தமும் சரிஞ்சு ஸ்டேஷன் வாசல்ல வந்து குவிஞ்சுது. செருப்பைக் கழட்டிட்டு மிதிச்சேன், கொஞ்சம் மூஞ்சியும் கழுவிக்கிட்டேன். காலணா செலவில்லை. நீங்களும் கீழ நின்னே சொல்லுங்க சார். டீச்சரம்மாவும் சேந்து சொன்னா ரெண்டு மலை இறங்கும்."

சூசை விழுந்து விழுந்து சிரித்தார். பொன்ராஜ் சார் சிரிக்கவில்லை. அவர் பென்சில் நோட்டில் பனிமலைச் செலவை அடித்து ஒரு கோடு போட்டது. புளுகை அவர் நம்பவில்லை, செலவைக் குறைக்க ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தார், கிடைத்துவிட்டது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இந்த வெட்டிப் பேச்சுக்கு அந்த அம்மாவின் முப்பது வருஷ ஆசை பலியா?

அண்ணாச்சி முகத்தைத் துடைத்து, துண்டை உதறினேன். அண்ணாச்சி கண்ணாடியில் மீசையை நீவிக்கொண்டே, "எவ்வளவுப்பா?" என்றார்.

"கட்டிங்கும் ஷேவிங்கும் இருநூறு."

"இருநூறா! அடேயப்பா!"

வாய் தவறி வந்துவிட்டது. நான் துண்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த விலைப் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். சூசையும் எழுந்து வந்து பார்த்தார். கடைசியில் பொன்ராஜ் சாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்து, பின்னாலிருந்த ரப்பரால் அந்தக் கோட்டை அழிக்க ஆரம்பித்தார்.

"போர்டு அப்படியேதான் இருக்கு அண்ணாச்சி," என்றேன். "இருநூறு எடுங்க."