மூன்று கொடிகளும் ஒரு பாய்மரமும்

“மரம் எங்களோடது ராஜா! போனாப் போகுதுன்னு இவங்களுக்குக் கொடுத்தோம். இப்ப எங்களையே ஒதுங்கச் சொல்றாங்க!”

இப்படிக் கத்தியவர் கோவில் பூசாரி குழந்தைவேல். அடுத்து மாதா கோவில் உபதேசியார் சந்தியாகு முன்னால் வந்தார். “மரம் எங்களோடது ராஜா! போனாப் போகுதுன்னு இவங்களுக்குக் கொடுத்தோம். இப்ப எங்களையே ஒதுங்கச் சொல்றாங்க!” மூன்றாவதாக வாயைத் திறந்தவர் தர்கா லெப்பை மீராசா. அவர் என்ன சொன்னார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். எழுத்துப் பிசகாமல் அதேதான்!

ராஜாக்கள் கடற்கரை மணலில் உட்கார்ந்து வழக்குக் கேட்ட காலம் அது. ஊர் கல்மேட்டுத்துறை. என்றோ உடைந்த கப்பலின் பாய்மரம் ஒன்று, இரண்டு பனை உயரம், கரையில் நடப்பட்டிருந்தது. கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதும் அதில்தான், மாதா திருநாளுக்கு ஏறுவதும் அதில்தான், தர்கா கந்தூரிக்கு ஏறுவதும் அதில்தான். மூன்றும் வேறு வேறு நாளில் வந்ததால் சண்டையே வந்ததில்லை. ஆனால் கோவில் திருவிழா நட்சத்திரம் பார்த்து மாதா திருநாளுக்கு முன்னே பின்னே வரும்; கந்தூரியோ பிறை பார்த்து வருவது அல்லவா? வருஷத்துக்குப் பத்து நாள் முன்னால் நகரும். அப்படி நகர்ந்து நகர்ந்து, அந்த வருஷம் மூன்று கொடியேற்றமும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து முட்டிக்கொண்டன.

ராஜாவுக்குப் பசி. “மூணா வெட்டி ஆளுக்கொரு துண்டு எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மூவருக்கும் பரம திருப்தி. முழு மரம் தனக்குக் கிடைக்காவிட்டால் என்ன, அடுத்தவனுக்கும் கிடைக்கவில்லையே!

ஒருத்தி மட்டும் கடலைப் பார்த்தாள். அவள் முத்தாச்சி. மூன்று கொடிகளுக்கும் கயிறு திரித்துக் கொடுப்பவள். அவள் புருஷன் கடலுக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதே படகில் கோவில் தெரு, மாதா கோவில் தெரு, தர்கா தெரு என்று மூன்று தெரு ஆட்களும் இருந்தார்கள். கரைக்கு முன்னால் இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் முங்கு பாறை. அந்த மரத்துக்கு நேராகப் படகைத் திருப்பினால்தான் நடுவே நுழைய முடியும்.

“மரத்தை வெட்டினா படகு பாறையிலதான் மோதும், அண்ணாச்சி” என்றாள்.

“எங்க துண்டைப் பார்த்து வரட்டுமே” என்றார் பூசாரி. “எங்க துண்டைப் பார்த்து வரட்டுமே” என்றார் உபதேசியார். “எங்க துண்டைப் பார்த்து வரட்டுமே” என்றார் லெப்பை. மூவரும் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைத்தவர்கள் இல்லை. அறிவுரைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

முத்தாச்சி வாதாடவில்லை. “சரிதான். வெட்டுறதுக்கு முன்னாடி கடலுக்குப் போய்ப் பார்த்துடலாம், யாரு துண்டு ஜோரா தெரியுதுன்னு.”

பெருமை என்றதும் மூவரும் படகில் ஏறிவிட்டார்கள்! துண்டுகள் வருகிற உயரத்துக்கு மூன்று கம்பு வெட்டி, கொடி கட்டி, மூன்று வாசலிலும் நட்டாயிற்று. வெட்டியது போலவே இருக்க, பாய்மரத்தை மணலில் சாய்த்தாயிற்று. வெயில் சாய்ந்ததும் அதை நிமிர்த்திவிடும்படி வலை இழுப்பவர்களிடம் காதோடு சொல்லிவிட்டு, முத்தாச்சி துடுப்பைப் பிடித்தாள்.

பாதி தூரத்திலேயே மூவரும் காலையில் சாப்பிட்டதை மீனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

“பூசாரி அண்ணாச்சி, உங்க கொடி தெரியுதா?”

“தென்னைதான் தெரியுது.”

“உபதேசியாரே, உங்களது?”

“தென்னைதான்மா.”

“லெப்பை?”

லெப்பை படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நீரோட்டம் படகை இழுக்க ஆரம்பித்திருந்தது. எங்கோ அருகில் பாறையில் அலை மோதும் சத்தம். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

“முருகா!” என்றது ஒரு குரல். “மாதாவே!” என்றது ஒரு குரல். “யா அல்லாஹ்!” என்றது ஒரு குரல். அன்றைக்குத்தான் மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

வெயில் சாய்ந்தது. தென்னைகளுக்கு மேலே ஊசிபோல ஒன்று மெல்ல எழுந்து நின்றது.

“அதோ, நம்ம மரம்!” என்று மூவரும் அலறினார்கள். இதுவும் எழுத்துப் பிசகாமல் ஒன்றேதான்.

முத்தாச்சி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள். “அதுல யாரு கொடி பறக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க, அப்புறம் போகலாம்.”

“கொடி எங்கேடி தெரியுது இங்கேருந்து? மரம்தான் தெரியுது! துடுப்பை வலி தாயி, வலி!”

மரத்தை யாரும் வெட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை மரத்தின் குறுக்காக ஏறும்படி ஒரு கழியைக் கயிற்றில் கட்டினார்கள். உயரம் தாழ்வு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் அதில் மூன்று கொடிகளையும் வரிசையாக முடிந்தாள் முத்தாச்சி. எல்லோருக்கும் கரை காட்டுகிற அடையாளம் எல்லோருக்கும் பொது, அதைப் பங்கு போட்டால் ஒருவருக்கும் வழி தெரியாது.

கொடிகள் பாதி உயரம் ஏறியபோது, “படகு! படகு!” என்று யாரோ கத்தினார்கள். பாறைகளுக்கு நடுவே, மரத்துக்கு நேராக, ஒரு பாய் வந்துகொண்டிருந்தது. கயிறு பிடித்திருந்த அத்தனை பேரும் விட்டுவிட்டு ஓடினார்கள். பூசாரி ஓடினார். உபதேசியார் ஓடினார். லெப்பை கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் முந்தி ஓடினார்.

மூன்று கொடிகளின் கனமும் ஒருத்தி கையில். விட்டால் மூன்றும் மண்ணில் விழும்.

“யாராவது வந்து இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்களேன், என் வீட்டுக்காரர் வந்திருக்காரு!”