சுடாத செல்

வடிவுக்கரசியின் குரு அவளைவிட வயதில் சின்னவள். பெயர் நஸ்ரின். சிஷ்யை குருவை மேடம் என்பாள், குரு சிஷ்யையை அக்கா என்பாள். யாருக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்று ஆய்வுக்கூடத்தில் கேலி செய்வார்கள்.

உயிருள்ள செல்லுக்குள் மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன என்று அளப்பதுதான் அங்கே வேலை. பச்சையாய் ஒளிர்கிற ஒன்றை அவற்றோடு ஒட்டிவிடுவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் செல் முழுக்கப் பச்சையாய்த் தெரியும். அப்புறம் லேசரால் ஒரு பொட்டு அளவு சுடுவார்கள். அந்த இடத்தில் மட்டும் ஒளி அணைந்து கறுத்துப்போகும். சுற்றி ஒளிர்பவை நகர்ந்து வந்து கறுப்பை நிரப்பும். அது நிரம்புகிற வேகத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள்.

வடிவுக்கரசி சுட்ட பொட்டு மட்டும் நிரம்புவதே இல்லை. எத்தனை தடவை செய்தும் செல்லே சேர்ந்து மங்கியது.

அன்றைக்கு அவள் லீவு கேட்டு வந்து நின்றாள். அவள் புருஷன் ஆனி மாதம் இறந்துபோனார். அதிலிருந்து மகள் பூவிழி சரியாகப் பேசுவதில்லை. சாப்பிட்டாயா, அழுதாயா, தூங்கினாயா என்று இவள் ஆய்வுக்கூடத்திலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டபடி இருப்பாள். இப்போது அந்தப் பெண், சாயங்கால பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறேன், இனி அங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டது. போய்த் தடுக்க வேண்டும்.

நஸ்ரின் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளை இருட்டறைக்குக் கூட்டிப்போய், அவள் நேற்று எடுத்த படங்களைத் திரையில் ஓடவிட்டாள். சுட்ட செல் மங்கியது. ஓரத்தில் இருந்த இன்னொரு செல்லைக் காட்டினாள்.

"இதை நீங்க சுடலையேக்கா."

"இல்ல மேடம்."

"அப்புறம் இது ஏன் மங்குது?"

வடிவுக்கரசி திரையையே பார்த்தாள். ஒவ்வொரு படத்துக்கும் செல்மேல் ஒளி விழும். அந்த ஒளியும் கொஞ்சம் சுடும். நிரம்புகிறதா, நிரம்புகிறதா என்று விடாமல் படம் எடுத்திருந்தாள்.

நஸ்ரின் புது செல் ஒன்றைச் சுட்டாள். உடனே ஒளியை மூடினாள். இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வடிவுக்கரசியின் கை தன்னையறியாமல் படம் எடுக்கும் பொத்தானுக்குப் போனது. நஸ்ரின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துத் திறந்தபோது கறுப்பு முக்கால்வாசி மறைந்திருந்தது.

"முழுசா வரலையே மேடம்."

"வராதுக்கா. அணைஞ்சது அணைஞ்சதுதான். பக்கத்துல இருந்ததுங்கதான் வந்து நிக்குது."

வடிவுக்கரசி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மடியில் போன் கிடந்தது. பஸ் கிளம்பும் நேரம் ஆகியிருந்தது.

"பார்க்காமலே இருந்தா, உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றாள் நஸ்ரின். "அந்த நேரத்துலதான் நிரம்புச்சு."