அவரைக் கொல்லையில் விழுந்த மான்

தீர்ப்புச் சொல்ல நாக்குத் துறுதுறுக்கிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். பாதியிலேயே "நியாயம் இவள் பக்கம்தான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்கள் பலர். அத்தனை பேரும் ஏமாந்தார்கள்.

மலையடிவாரத்தில் வேங்கைப்பட்டி என்று ஓர் ஊர். காட்டில் புலி நடமாட்டம் அற்றுப்போனதும் மான் பெருகிவிட்டது. பெருகியது என்றால் கொஞ்சநஞ்சமா! ஆட்டு மந்தை மாதிரி இறங்கி ஒரு கொல்லையை மொட்டையடித்துவிட்டுத்தான் மலையேறும். நிலக்காரர்கள் வில்லை எடுத்தார்கள். அது இன்னொரு கூத்தாக முடிந்தது. ஒருவன் விரட்டிய மானுக்காக அடுத்தவன் பயிரில் ஆளாளுக்கு ஓடியதில், மான் தின்றதைவிட மனிதன் மிதித்தது அதிகமாயிற்று. அரைகுறையாக அடிபட்ட மான்கள் ஓடைக்குள் போய்ச் செத்து நாறின.

ஊர்த்தலைவர் அம்பலக்காரர் வீரணன். அவரும் நிலக்காரர்தான், அவர் வீட்டிலும் வில் உண்டு. நிலக்காரர்களைக் கறுப்பன் கோயிலில் கூட்டி இரண்டு கட்டளை போட்டார். அவரவர் நிலத்தில்தான் வேட்டை. மானைத் தொடர்ந்து பிறர் வரப்பைத் தாண்டக் கூடாது. அடித்த மானைத் துடிக்கவிட்டுப் போகவும் கூடாது. அடித்தவரே அதன் உயிரை முடித்துவைக்க வேண்டும். எதை மீறினாலும் அறுவடை முடியும்வரை மீறியவருடைய வில் கோயிலில் தொங்கும். எல்லோரும் கறுப்பன் அரிவாளைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள்.

ஒச்சாயியின் புருஷன் சடையன் அதற்கு அடுத்த வருஷம் காவல் பரணிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டான். வில் அவள் கைக்கு வந்தது. தினை கதிர் முற்றி நின்றது. வீட்டுத் தானியக் குதிருக்குள் கையை விட்டால் அடிமண் தட்டுகிறது. இந்தத் தினை போனால் பிள்ளைகளுக்குக் கூழும் இல்லை, அடுத்த விதைப்புக்கு விதையும் இல்லை. வில் இருந்தால் தினை உண்டு, வில் போனால் தினையும் போயிற்று.

விடியற்காலையில் கொம்பு விரிந்த கலைமான் ஒன்று கதிருக்குள் நின்றது. ஒச்சாயி குறிபார்த்து விட்டாள். அம்பு நெஞ்சில் படாமல் தொடையில் தைத்தது. மான் ஒரே தாவில் வரப்பைத் தாண்டிப் பக்கத்து அவரைக் கொல்லையில், இன்னோர் அம்பு விட வழியில்லாதபடி கொடிகளுக்கு நடுவே போய் விழுந்து, எழ முடியாமல் கத்தியது. ஐயோ, அந்தக் கத்தலைக் கேட்டால் கல்லுக்கும் பொறுக்காது.

அவரைக் கொல்லை மாயழகுடையது. சடையனுக்குப் பங்காளி முறை, ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. அவன் வரப்பில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கொழுந்தனாரே, நீங்களே முடிச்சிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் அடிச்ச மான் இல்லையே மதினி. அடிச்சவங்கதானே முடிக்கணும்?"

"அப்ப நான் உள்ளே வர்றேன். ஊரைக் கூட்டாம விட்டுருங்க."

"போன வருசம் நானும் இதே மாதிரி ஒரு மானுக்குப் பின்னால உங்க நிலத்துக்குள்ள வந்தேன். துடிச்சுக் கிடந்ததை முடிக்கத்தான் வந்தேன். உங்க வீட்டுக்காரர் சும்மா விட்டாரா? ஊரைக் கூட்டி என் வில்லைக் கோயில்ல தொங்கவைச்சார். என் சோளம் பூராவும் மான் வயித்துக்குள்ள போச்சு. மறந்துட்டீங்களா?"

அவன் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. புருஷன் செய்தது சரியில்லை என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். இன்றைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சத்தம் கேட்டு அம்பலக்காரர் வந்து சேர்ந்தார். போன வருஷம் மாயழகின் வில்லை வாங்கித் தொங்கவிட்டவரும் அவர்தான்.

"மாமா, நீங்க சொல்லுங்க. தாண்டட்டுமா, நிக்கட்டுமா?"

"சட்டம் சட்டம்தான் தாயி. நான் என்ன செய்ய?"

"எந்தச் சட்டம் மாமா? தாண்டினா ஒண்ணு போகுது. நின்னா இன்னொண்ணு போகுது."

வீரணன் தலையைச் சொறிந்தார். மாயழகைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். மான் முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்து மறுபடி விழுந்தது. ஒச்சாயிக்குப் பிள்ளைகள் முகம் கண்ணில் வந்தது. அடுத்த அலறலுக்கு அவள் காத்திருக்கவில்லை. இடுப்பில் இருந்த அரிவாளை உருவினாள், வரப்பைத் தாண்டினாள், ஒரே வெட்டில் முடித்தாள்.

திரும்பி வந்து வில்லை அம்பலக்காரரிடம் நீட்டினாள். "மீறிட்டேன் மாமா. எடுத்துக்குங்க."

அவர் கை நீளவில்லை.

"வாங்குங்க அம்பலம்!" என்று மாயழகு கத்தினான். "எனக்கு ஒரு நியாயம், மதினிக்கு ஒரு நியாயமா?"

வாங்கினால் ஒச்சாயி வீட்டில் உலை கொதிக்காது. வாங்காவிட்டால் மாயழகுக்குச் செய்தது பச்சை அநியாயம் என்று ஆகும். காட்டோரத்தில் மான் கூட்டம் வேறு தினைப்பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தபடி நிற்கிறது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒரு கட்டளையைக் காக்க இன்னொன்றை மீறிய ஒச்சாயி, சத்தியம் பிசகாமல் நின்ற மாயழகு, இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற வீரணன் — இந்த மூவரில் யாருடைய வில் கோயிலில் தொங்க வேண்டும்?

விடை: தொங்க வேண்டியது வீரணனின் வில். ஒச்சாயி இந்த வருஷம் செய்ததும் மாயழகு போன வருஷம் செய்ததும் ஒன்றேதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளியாகும் இடத்தில் இருவரும் நின்றார்கள். மாயழகு இன்று பழிதீர்க்க ஒரு வாயில்லா ஜீவனைத் துடிக்கவிட்டது கேவலம்தான்; ஆனால் அவன் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. இரண்டு கட்டளையும் ஒன்றோடொன்று மோதும் என்பதைப் போன வருஷமே கண்ணால் கண்டவர் வீரணன். கண்டும் திருத்தவில்லை, ஒருவன் வில்லைப் பிடுங்கித் தொங்கவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தார். ஆகவே ஒச்சாயி வில்லோடு தினைக் காவலுக்குப் போகட்டும். மாயழகு இழந்த சோளம் அம்பலக்காரர் குதிரிலிருந்து அளந்து போகட்டும். அறுவடை முடியும்வரை தம் கொல்லையில் இறங்கும் மானை அவர் கைதட்டி விரட்டிக்கொள்ளட்டும்.