வடக்குத் துளையில் ஒரு கண்

மலைமேல் இருந்த அந்த மடத்தில் ஒரு வழக்கம். காவி கேட்டு வருகிறவர், பொழுது இருட்டியதும் குகைக்குள் உட்கார்ந்து, வடக்குச் சுவரில் உள்ள துளை வழியே வானத்தைப் பார்க்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன் யாரோ குடைந்த துளை. ஒரு முஷ்டி அகலம், ஓர் ஆள் நீளம்.

"உள்ளே என்ன?" என்று குரு கேட்பார்.

"ஒன்றுமில்லை" என்றால் காவி.

கோமதிநாயகம் மூன்று மாதமாக உட்கார்ந்திருந்தார். சர்வேயர் வேலையில் முப்பது வருஷம் ஊர் எல்லைகளை அளந்தவர். மனைவி போனபின் வீட்டை மகன்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மலையேறியவர். வயது அறுபத்தொன்று. நாளைக் காலையில் தீட்சை. இதை விட்டால் அடுத்தது பன்னிரண்டு வருஷம் கழித்து.

துளைக்குள் ஒரு வெளிச்சம் இருந்தது. சாவித் துவாரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ கண்ணை வைத்துக்கொண்டு நிற்பதுபோல. மற்ற நட்சத்திரமெல்லாம் நகரும். இது இமைக்காமல் அங்கேயே நின்றது.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லித் தொலையும்வே," என்றார் காவி வாங்கிய ஒருவர். "நாங்கெல்லாம் பாத்தா சொன்னோம்?"

அளந்த கை சும்மா இருக்குமா? பாறை சரிந்திருக்குமோ என்று தூக்குக்குண்டைக் கட்டித் துளையைச் சோதித்தார். மயிரிழை பிசகில்லை. துளை நகரவில்லை என்றால், வந்தது அந்த வெளிச்சம்தான். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

அன்று இருட்டியதும் குரு மங்கையம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோமதிநாயகத்தைவிட இருபது வயது இளையவர்.

"உள்ளே என்ன?"

கோமதிநாயகம் துளையிலிருந்து கண்ணை எடுத்தார். "ஒரு நட்சத்திரம், தாயே. பொய் சொல்ல வரல. நாளைக்கே இறங்கிப் போயிடுறேன்."

மங்கையம்மை ஓர் ஓலைக்கட்டைப் பிரித்தார். துளையில் கண்டதை முந்தைய குருமார் எழுதி வைத்தது. அகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இருள். நலம்."

"இருள். நலம்."

அப்படியே நாற்பது ஓலை போயிற்று. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்று விளிம்பில் ஒன்று எட்டிப் பார்த்தது. போய்விட்டது."

அடுத்தது வேறு கையெழுத்து. "மூன்று நாழிகை நின்றது."

அடுத்தது. "போகவில்லை."

கடைசி ஓலை மங்கையம்மையின் குரு எழுதியது. "நடுவை நெருங்குகிறது."

கோமதிநாயகத்துக்குத் துளைப் பக்கம் திரும்பவே மனம் வரவில்லை.

"யாரைத் தேடி வருது, தாயே?"

"அது வரல. இருந்த இடத்துலதான் இருக்கு."

"அப்போ துளைக்குள்ள எப்படி வந்தது?"

"துளைதான் அதுகிட்டப் போயிருக்கு."

"தாயே, இது பாறை. நானே அளந்து பாத்தேன். நூலளவும் நகரல."

"எதை வெச்சு அளந்தீங்க?"

"தூக்குக்குண்டு."

"குண்டை எங்க தொங்கவிட்டீங்க?"

அவர் மேலே கூரையைப் பார்த்தார். அதுவும் அதே பாறை.

"பம்பரம் சுத்துறப்போ தலையாட்டும், பாத்திருக்கீங்களா?" என்றார் மங்கையம்மை. "பூமியும் ஆட்டுது. ஒரு ஆட்டம் முடிய இருபத்தாறாயிரம் வருஷம். இந்த மலை, துளை, நாம, நீங்க ஊர் ஊராப் போய் நட்ட கல்லு, எல்லாம் அதுமேலதான். துளையைக் குடைஞ்சவங்க காலத்துல, வானம் சுத்துற நடுவுல, துளை பாக்குற அந்த இடத்துல, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. இப்போ பூமி இந்த நட்சத்திரத்துப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கு. அப்புறம் வேற பக்கம் திருப்பும்."

குகை மிக அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்கு அடியில் ஏதோ மெல்லச் சாய்வதாக அவருக்குத் தோன்றியது. பாறை விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். பிடித்தது பாறையைத்தான் என்று தெரிந்ததும் கையை எடுத்தார். வைக்க வேறு இடம் இல்லை. மறுபடி பிடித்தார்.

"தாயே, இதுவும் நிக்கலன்னா," என்றார். "நான் எதைப் பிடிச்சுக்கறது?"

மங்கையம்மை ஓலைகளை நிதானமாகக் கட்டினார். கடைசி ஓலைக்குப் பின்னால் எழுதாத ஓலை ஒன்றை வைத்து எழுத்தாணியை எடுத்தார்.

"மூணு மாசமா உள்ள பாத்ததைச் சொல்லத்தானே உக்காந்திருக்கீங்க. சொல்லுங்க. எழுதிக்கிறேன்."